பிரிட்ஜ் கோர்ஸ் மூன்று நாளில் முடிகிற வேலை இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2025-26 கல்வியாண்டு முதல் பிளஸ் 1 பொதுத்தேர்வு கைவிடப்பட்டது. அதையொட்டி எழுந்த பேச்செல்லாம் பள்ளிக்கூட வாசலோடு நின்றுவிட்டது. அந்த ஆண்டு பிளஸ் 1 படித்தவர்கள் 2027-ல் கல்லூரிக்கு வருவார்கள். அவர்களில் யாருக்கு எந்தப் பள்ளிக் கணிதம் விட்டுப்போயிருக்கிறது என்று கண்டறியும் ஒரு தேர்வையும், அதையொட்டிய துணை வகுப்பையும் பற்றி, பொறியியல் முதலாண்டுக் கணிதம் கற்பிப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

2017-18-ல் அந்தத் தேர்வு கொண்டுவரப்பட்டதற்குக் காரணம் எல்லோருக்கும் தெரியும். பிளஸ் 1 பாடத்தை ஓரங்கட்டிவிட்டு இரண்டு வருடமும் பிளஸ் 2 பாடத்தையே பல பள்ளிகள் உருப்போட வைத்தன. மூன்று வருடம் அடுத்தடுத்துப் பொதுத்தேர்வு என்பது பிள்ளைகளுக்குச் சுமை என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் முக்கோணவியல், சார்புகள், எல்லை, வகையிடல் விதிகள், தொகையிடலின் தொடக்கம் எல்லாம் இருப்பது பிளஸ் 1 புத்தகத்தில். பிளஸ் 2 புத்தகம் அவற்றின் பயன்பாடுகளுக்குப் போய்விடுகிறது. அடியில் இருப்பதைத் தொடாமலே மேலே இருப்பதில் நல்ல மதிப்பெண் வாங்க முடியும். மாதிரி வினாத்தாள்களைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தால் போதும்.

அந்த மதிப்பெண்தான் கட்-ஆஃப் ஆகிறது. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50, ஆக 200. யாருக்கு எந்தக் கல்லூரி என்று பங்கிட அது போதும். 170 வாங்கிய மாணவிக்கு மடக்கை தெரியுமா, ரேடியன் தெரியுமா என்று அது சொல்லாது. ஒரே 170-க்குள் நான்கு விதமான ஓட்டைகள் இருக்கலாம். முதலாண்டு வகுப்பில் 60 பேர் இருந்தால் ஆசிரியருக்கு அது புலப்படுவது முதல் இன்டர்னல் தேர்வில்தான். அதற்குள் ஒரு யூனிட் ஓடிப்போயிருக்கும்.

இப்போது என்ன நடக்கிறது? அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ. வகுத்த மாணவர் அறிமுக நிகழ்ச்சி மூன்று வாரம். அதற்குள்ளேயே இரண்டு மூன்று நாட்களை ஒதுக்கி, பள்ளிப் பாடத்துக்கும் கல்லூரிப் பாடத்துக்கும் பாலமாக 'பிரிட்ஜ் கோர்ஸ்' என்று போட்டுவிடுகிறார்கள். ஆடிட்டோரியத்தில் 180 பேர். திரையில் பிளஸ் 2 சூத்திரங்கள். பேசுபவர் பெரும்பாலும் துறையில் புதிதாகச் சேர்ந்தவர். கடைசி நாளில் கொள்குறி வினாத்தாள் ஒன்று கொடுத்து, மொத்த மதிப்பெண்ணை வரிசைப்படுத்தி, கீழே இருக்கிற மூன்றிலொரு பங்கை 'ஸ்லோ லேர்னர்' என்று கோப்பில் சேர்க்கிறார்கள். கல்லூரிகளுக்குத் தரச்சான்று தரும் நாக் அமைப்பின் மதிப்பீட்டில் மெதுவாகக் கற்போர், வேகமாகக் கற்போர் என்று பிரித்துக் காட்டச் சொல்லும் கேள்வி இருக்கிறதல்லவா, அதற்கு இந்தக் கோப்பு. அந்தப் பட்டியலில் இருப்பவருக்குப் பின்னத்தில் சிக்கலா, ஆங்கிலத்தில் சிக்கலா என்று கேட்டால் கோப்பில் பதில் கிடையாது. வகுப்பு நடந்ததற்கு அத்தாட்சியாகக் கையெழுத்துத் தாள் மட்டும் இருக்கும்.

இன்னொரு பக்கம், தேர்வு என்ற சொல்லைக் கேட்டாலே நம் ஊரில் சந்தேகம் எழும். நியாயமான சந்தேகம். தொழிற்கல்வி நுழைவுத்தேர்வை எடுத்துவிட்டு 2007 முதல் பொறியியலில் பிளஸ் 2 மதிப்பெண்ணை வைத்தே சேர்க்கிறோம். அதைக் கொல்லைப்புற வழியாகத் திரும்பக் கொண்டுவரும் எதையும் ஏற்க முடியாது. அதனால் நான் சொல்லும் தேர்வுக்கு மொத்த மதிப்பெண்ணே கிடையாது. தேர்ச்சி, தோல்வி, தரவரிசை, பிரிவு மாற்றம் எதுவும் கிடையாது.

இதில் தப்பான வழியில் வெகுதூரம் போய்த் திரும்பியவர்கள் அமெரிக்கர்கள். அங்கே ஈராண்டுக் கம்யூனிட்டி காலேஜ்களில் சேருகிறவர்களுக்குக் கணினியில் ஒரு தேர்வு வைத்து, மதிப்பெண் குறைந்தால் கல்லூரிக் கணிதத்துக்கு முன்னால் விட்டுப்போனதை ஈடுகட்டும் ரெமிடியல் படிப்புகளை இரண்டு மூன்று பருவத்துக்கு ஏணிபோல அடுக்கினார்கள். அவற்றுக்குக் கட்டணம் உண்டு. பட்டத்துக்கான கிரெடிட் கிடையாது. ஒரு படிக்கு நூற்றுக்கு 70 பேர் தேறுகிறார்கள், தேறியவர்களில் 85 விழுக்காட்டினர் அடுத்த படிக்குப் பதிவு செய்கிறார்கள் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 பேர் மூன்றாம் படியைத் தாண்டும்போது 25 பேர்தான் மிஞ்சுவார்கள். எந்தப் படியிலும் பெரும்பான்மை தோற்கவில்லை. ஏணியின் நீளமே ஆளைத் தின்றுவிட்டது. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் கம்யூனிட்டி காலேஜ் ஆய்வு மையத்தினர் 2012-ல் வெளியிட்ட ஆய்வு அதைவிடச் சங்கடமான ஒன்றைச் சொன்னது. அந்தத் தேர்வுகளின்படி கணிதத்தில் ஏறத்தாழ நாலில் ஒருவரும், ஆங்கிலத்தில் மூன்றில் ஒருவரும் கடுமையாகத் தவறான இடத்தில் வைக்கப்பட்டிருந்தார்கள். நேராகக் கல்லூரிப் பாடத்துக்கே போயிருக்கக்கூடியவர்கள் பலர் கீழே தள்ளப்பட்டார்கள். பரவலாகப் பயன்பட்ட காம்பஸ் என்ற தேர்வை அதை நடத்திய நிறுவனமே 2016-ல் நிறுத்திக்கொண்டது. கலிபோர்னியா 2017-ல் இயற்றிய ஏ.பி. 705 சட்டம் பள்ளி மதிப்பெண்ணை முதன்மையாக வைத்து மாணவரை நேரடியாகக் கல்லூரிப் பாடத்தில் சேர்க்கச் சொன்னது. டென்னசி மாநிலம் 2015-லேயே, பாடத்தை நடத்திக்கொண்டே கூடவே துணை வகுப்பு வைக்கும் முறைக்கு மாறிவிட்டது.

நமக்கு வேண்டியது அந்தக் கடைசி வரி. முதலாண்டுக் கணிதம் எல்லோருக்கும் ஒரே நாளில் தொடங்கட்டும். துணை வகுப்பு அதன் பக்கத்திலேயே, அடுத்து வரப்போகும் பாடத்துக்கு இரண்டு வாரம் முன்னால் ஓடட்டும்.

எந்தக் கையிருப்பு இல்லாமல் மாணவர் விழுகிறார் என்பதற்கு ஒரே ஒரு கணக்கைப் பார்ப்போம். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில், மாணவர்கள் 'எம்-ஒன்' என்று சொல்லும் முதல் பருவக் கணிதம் அணிகளில் தொடங்கியது. நிரைகள் 2, 1, 1. 1, 2, 1. 1, 1, 2 என்று உள்ள அணியின் ஐகன் மதிப்புகளைக் காண வேண்டும். சிறப்புச் சமன்பாடு λ³ − 6λ² + 9λ − 4 = 0. இதற்கு வருவதற்குள்ளேயே ஒரு கூட்டம் நின்றுவிடும். அணிக்கோவையை விரிக்கும்போது (2 − λ)² என்பதை 4 − λ² என்று எழுதுவார்கள். அது நடுநிலைப் பள்ளி முற்றொருமை. அடுத்து, λ = 1 என்று போட்டுப் பார்த்துத் தொகுமுறை வகுத்தலில் λ² − 5λ + 4 என்று இறக்க வேண்டும்; ஒன்பதாம் வகுப்பு விஷயம். குறி மாறிப்போய் இன்னொரு கூட்டம் இங்கே நிற்கும். ஐகன் மதிப்புகள் 1, 1, 4. λ = 1-க்கு வெக்டர் காணப் போனால் மூன்று சமன்பாடுகளும் x + y + z = 0 என்ற ஒன்றாகவே சுருங்கும். ஒரு சமன்பாடு, மூன்று மாறிகள். இரண்டுக்கு நாமே மதிப்புக் கொடுக்கலாம் என்று தெரியாமல், 'சார், கணக்கு தப்பு' என்பார்கள். ஐகன் மதிப்பு என்ற புதிய கருத்து இதில் யாரையும் தோற்கடிக்கவில்லை. ஆனால் அரியர் விழுவது எம்-ஒன்னில். ரெமிடியல் வகுப்பில் மறுபடி நடத்துவதும் ஐகன் மதிப்பையே.

ஆகவே வினாத்தாள் இப்படி இருக்கட்டும். ஆறு தலைப்புகள்: பின்னமும் குறியும், முற்றொருமையும் காரணிப்படுத்தலும், அடுக்கும் மடக்கையும், சமன்பாடுகள், சார்பும் முக்கோணவியலும், வகையிடல். தலைப்புக்கு நான்கு வீதம் 24 வினாக்கள், பிளஸ் 2 வினாத்தாளைப் போலத் தமிழிலும் ஆங்கிலத்திலும். அதன் பிறகு ஆறு வினாக்கள் ஆங்கிலத்தில் மட்டும்; முந்தைய 24-ல் இருந்தே தலைப்புக்கு ஒன்றாக எடுத்து, எண்களை மாற்றி, வாக்கியக் கணக்காக எழுதியவை. மொத்தம் 30 வினா, 75 நிமிடம், கால்குலேட்டர் கூடாது. இருமொழிப் பகுதியில் சரியாகப் போட்டு, ஆங்கிலப் பகுதியில் அதே கணக்கை விட்டுவைப்பவருக்குக் கணிதத்தில் குறையே இல்லை. காரணிப்படுத்தல் தெரிந்தவருக்கு 'ஃபேக்டரைஸ்' என்ற கட்டளைதான் புரியவில்லை. அவருக்குத் தேவை நூற்றைம்பது கலைச்சொற்கள் கொண்ட இரண்டு பக்கத் தாளும், முதல் மாதம் கரும்பலகையில் இரண்டு சொல்லையும் எழுதும் ஆசிரியரும். தமிழ்வழியில் படித்து, அரசுப் பள்ளிகளுக்கான 7.5 விழுக்காட்டு ஒதுக்கீட்டில் வரும் மாணவர்களைப் பின்தங்கியோர் பட்டியலில் மொத்தமாகப் போடுவது இந்த ஒரு பகுதி இல்லாததால்தான்.

கொள்குறி வினா வேண்டாம். நான்கு விடையில் ஒன்றைக் கண்ணை மூடிக் குறித்தாலும் 30-க்கு ஏழெட்டு கிடைத்துவிடும். விடையைக் கையால் எழுத வைத்தால் தப்பு எப்படி நேர்ந்தது என்று தெரியும். வினாக்கள் பொறிவைத்து இருக்க வேண்டும்: (2 − x)² விரி; 1/x + 1/(x+2) சுருக்கு; x² = 5x தீர் (இருபுறமும் x-ஐ அடித்துவிட்டு 0 என்ற தீர்வைத் தொலைப்பவர்கள் ஏராளம்); 8-ன் அடுக்கு 2/3; sin(π/6); sin 3x-ஐ வகையிடு. கடைசியில் 3-ஐ விட்டுவிட்டு cos 3x என்று நிறுத்தினால் சங்கிலி விதி போகவில்லை என்று பொருள்.

திருத்தும்போது தலைப்புக்கு ஒரு கட்டம். நான்கில் மூன்று சரி என்றால் விட்டுவிடலாம். ஒன்றோ பூஜ்யமோ என்றால் துணை வகுப்பு. இரண்டு என்றால் விடைத்தாளை ஆசிரியர் பார்த்து முடிவு செய்யட்டும். வெற்றிடத்தையும் தவறான விடையையும் ஒன்றாக்கக் கூடாது. வெற்றிடம் என்றால் பெரும்பாலும் அந்தப் பாடம் நடத்தப்படவே இல்லை; ஒரு மணி நேரத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். எழுதிய தவறு ஐந்தாறு வருடப் பழக்கம். அதை அழிக்க வாரக்கணக்கில் பயிற்சி வேண்டும். நான்கே வினாவை வைத்து ஒரு பிள்ளையின் தலையெழுத்தை முடிவுசெய்யவும் கூடாது. அதனால் அந்தந்தத் தலைப்பின் முதல் துணை வகுப்பில் பத்து நிமிடம் இன்னொரு நான்கு வினா கொடுத்து, சரியாகப் போட்டவரை அன்றே அனுப்பிவிட வேண்டும். பட்டியலில் இல்லாதவர் தானாக வந்து உட்கார்ந்தால் ஏன் என்று கேட்க வேண்டாம்.

ஒரு தாளைத் திருத்த 4 நிமிடம். 600 பேருக்கு 40 மணி நேரம். எட்டு ஆசிரியர்கள் ஆளுக்கு ஐந்து மணி நேரம் உட்கார்ந்தால் முடிந்தது. முடிவை ஒவ்வொரு மாணவருக்கும் தனித்தாளாகக் கொடுங்கள். அறிவிப்புப் பலகையிலோ வகுப்பு வாட்ஸ்அப் குழுவிலோ பட்டியல் போட்டால், அந்தப் பட்டியலில் இருப்பவர் மறுநாள் துணை வகுப்புக்கு வரமாட்டார். எத்தனை நல்ல திட்டங்கள் இந்த ஒரு வாட்ஸ்அப் பதிவில் செத்திருக்கின்றன!

முதல் நாளில் தேர்வு வைப்பதும் பிழை. ஹாஸ்டல் பெட்டி இறக்கி, பெற்றோரை வழியனுப்பிவிட்டு வந்து உட்காருபவர் தெரிந்ததையும் விட்டுவிடுவார். இரண்டாம் வார நடுவில் வையுங்கள். கலந்தாய்வு பல சுற்றாக நடப்பதால் பிந்திச் சேருபவர்கள் எப்போதும் உண்டு. பாடமும் விட்டுப்போய், தேர்வும் விட்டுப்போய், பருவ இறுதியில் அதிகம் அடிபடுபவர்கள் அவர்கள்தான். சேர்க்கை முடிந்த பத்தாம் நாள் அவர்களுக்கென்று இன்னொரு முறை நடத்தியே ஆக வேண்டும்.

இனி துணை வகுப்பு. வாரம் இரண்டு மணி, பத்து வாரம். ஒரு குழுவில் 25 பேருக்கு மேல் கூடாது. முதல் இரண்டு வாரம் குறி, பின்னம், முற்றொருமை, தொகுமுறை வகுத்தல். முதன்மை வகுப்பு ஐகன் மதிப்புக்கு வரும்போது இவை கையில் இருக்கும். மூன்றாம் வாரம் ஒருபடிச் சமன்பாட்டுத் தொகுதிகள். நான்கு, ஐந்தில் சார்பும் வரைபடமும். ஆறில் ரேடியனும் முக்கோண முற்றொருமைகளும். ஏழு, எட்டில் மடக்கையும் சங்கிலி விதியும். மீதி இரண்டில் தொகையிடலுக்குத் தேவையான பகுதிப் பின்னம். தலைப்பு மாறும்போது குழுவும் மாறும். ஆறு தலைப்பில் இரண்டு மட்டும் குறைவாக உள்ளவர் அந்த வாரங்களுக்கு மட்டும் வருவார். 'ரெமிடியல் பேட்ச்' என்ற நிரந்தரக் கூட்டம் இப்படித்தான் உருவாகாமல் இருக்கும். வகுப்பில் விரிவுரை பத்து நிமிடத்தைத் தாண்டக் கூடாது. மாணவர் போட, ஆசிரியர் மேசை மேசையாகப் போய்ப் பார்க்க, கடைசி பத்து நிமிடம் ஒரு துண்டுத்தாளில் இரண்டு கணக்கு. அந்தத் தாள்தான் அடுத்த வகுப்பின் திட்டம்.

நேரம்தான் பெரும்பாலான கல்லூரிகளில் இதைக் கெடுக்கிறது. மாலை நாலரை மணிக்கு மேல் ரெமிடியல் என்று போடுவார்கள். கல்லூரி பஸ் அதே நேரத்துக்குக் கிளம்பிவிடும். மண்ணச்சநல்லூர், துறையூர்ப் பக்கமிருந்து ஒன்றரை மணி நேரம் வரும் பிள்ளை எப்படி உட்காரும்? ஹாஸ்டலில் இருப்பவர்கள் மட்டும் வருவார்கள். மற்றவர்களுக்கு 'ஆர்வமில்லை' என்று கோப்பில் எழுதுவார்கள். சனிக்கிழமையும் இதே கதைதான். நூலக நேரம், மென்டார் நேரம் என்று கால அட்டவணையிலேயே வாரம் இரண்டு மணி கிடைக்கும். கலை, அறிவியல் கல்லூரிகளுக்கு இன்னும் வசதி. மாநில உயர்கல்வி மன்றத்தின் மாதிரிப் பாடத்திட்டத்தில் முதல் பருவத்திலேயே அடிப்படைப் படிப்பு ஒன்றுக்கு 2 கிரெடிட் ஒதுக்கியிருக்கிறார்கள். அந்த மணி நேரத்தை எல்லோருக்கும் ஒரே பாடமாக நடத்தி வீணாக்காமல், தலைப்புவாரிக் குழுக்களாகப் பிரித்தால் போதும்.

ஆள் எங்கே என்று முதல்வர்கள் கேட்பார்கள். 600 பேர் சேரும் கல்லூரியில் எந்த ஒரு வாரத்திலும் 200 பேருக்குத் துணை வகுப்பு தேவை என்று கொள்வோம். 25 பேர் வீதம் எட்டுக் குழு. குழுவுக்கு இரண்டு மணி. ஆக வாரம் 16 மணி. அது ஓர் உதவிப் பேராசிரியரின் வாரப் பணிச்சுமைக்குச் சமம். ஒரு பருவத்துக்கு ஓர் ஆசிரியரின் சம்பளம்தான் மொத்தச் செலவு. ஆனால் அந்த 16 மணியைப் புதிதாக வந்த ஒருவர் தலையில் கட்டக் கூடாது. எம்-ஒன் நடத்துபவர்களே பகிர்ந்து எடுத்தால்தான் 'அடுத்த வாரம் எது வருகிறது' என்பது தெரியும்.

வந்தால் இன்டர்னலில் ஐந்து மதிப்பெண் என்று ஆசை காட்டும் பழக்கம் வேண்டாம். வருகைப்பதிவு நிறையும், துண்டுத்தாள் காலியாக இருக்கும்.

பயன் இருந்ததா என்று பார்ப்பதற்கும் ஒரு முறை உண்டு. துணை வகுப்புக்கு வந்தவர்களில் இத்தனை பேர் தேறினார்கள் என்று சொல்வதில் பொருளில்லை; வகுப்பு இல்லாமலே தேறியிருப்பார்களோ என்னவோ. ஒரு தலைப்பில் துணை வகுப்பு தேவை என்ற கோட்டுக்குச் சற்றுக் கீழே இருந்து வகுப்புக்கு அனுப்பப்பட்டவர்களையும், சற்று மேலே இருந்து அனுப்பப்படாதவர்களையும் எடுத்துப் பருவத் தேர்வில் ஒப்பிடுங்கள். தொடக்கத்தில் இரு தரப்பும் ஏறத்தாழ ஒன்றுதான். கீழே இருந்தவர்கள் மேலே இருந்தவர்களை எட்டிப் பிடித்திருந்தால் வகுப்பு வேலை செய்திருக்கிறது. எட்டவில்லை என்றால் மாணவரைக் குறைசொல்லும் முன் வகுப்பை மாற்ற வேண்டும்.

ஆங்கிலத்துக்கும் இதே போக்குதான். அங்கே எல்லோரும் செய்வது செய்வினை, செயப்பாட்டுவினை என்று இலக்கணத்தை மறுபடி தொடங்குவது. முதலாண்டு மாணவருக்கு உடனே வேண்டியது ஆய்வகக் கையேட்டைப் படித்துப் புரிந்துகொள்வது, விரிவுரையைக் கேட்டுக் குறிப்பெடுப்பது, ஐந்து வரி சொந்தமாக எழுதுவது. மூன்றையும் தனித்தனியாகச் சோதியுங்கள். பாடநூலில் இருந்து ஒரு பக்கத்துக்கு ஐந்து கேள்வி, ஐந்து நிமிட விரிவுரைக்கு ஒரு குறிப்பு, நூறு சொல்லில் ஒரு பத்தி. வாசிப்பில் தேர்ந்து, கேட்பதில் தடுமாறுபவர்கள் தமிழ்வழி மாணவர்களில் நிறைய. அவர்களுக்கு இலக்கணம் நடத்துவது நேர விரயம்.

இந்த ஏற்பாட்டில் எல்லோரும் மறந்துவிடும் கூட்டம் ஒன்று உண்டு. பாலிடெக்னிக் முடித்து நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேருபவர்கள். முதலாண்டுக் கணிதத்தை அவர்கள் தொடுவதே இல்லை. 2021 பாடத்திட்டத்தின்படி மூன்றாம் பருவத்தில் சிவில், மெக்கானிக்கல் மாணவர்களுக்கு உருமாற்றங்களும் பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகளும் காத்திருக்கும். பகுதித் தொகையிடல் கைவசம் இல்லாமல் ஃபூரியர் தொடரின் கெழுக்களைக் காண்பது கடினம். பணிமனையில் மற்றவர்களைவிட முந்தி நிற்கும் இவர்கள் கணிதத்தில் அரியர் வைப்பதற்குக் காரணம் இதுதான். முதலாண்டுக்கு வைக்கும் அதே தாளோடு தொகையிடலில் நான்கு வினா சேர்த்து, மூன்றாம் பருவம் தொடங்கிய இரண்டாம் வாரம் இவர்களுக்கும் தர வேண்டும். துணை வகுப்பு ஃபூரியர் தொடருக்கு முன்னால் முடிந்துவிட வேண்டும் என்பதால், இவர்களுக்கு வாரம் இரண்டு மணி போதாது. முதல் நான்கு வாரம் நான்கு மணி வேண்டியிருக்கும். பல்கலைக்கழகம் கல்வி நாட்காட்டியை வெளியிடும்போதே இந்த இரு தேர்வுகளின் வாரத்தையும் அதில் அச்சிட்டுவிட்டால், கல்லூரிகள் அந்த வாரத்தில் வேறு விழா வைக்காமல் இருக்கும்.

இப்படிக்கு,
பொறியியல் கல்லூரிக் கணித ஆசிரியர்,
திருச்சிராப்பள்ளி.